வீட்டுப் பட்டறையில் சிஎன்சி இயந்திரம்: துல்லியம் எங்கே தவறுகிறது?

கணினிக் கட்டளைப்படி மரம், அக்ரிலிக், அலுமினியம் போன்றவற்றைக் குடையும் சிஎன்சி மில்லிங் இயந்திரத்தைப் பொழுதுபோக்காக வீட்டிலேயே அமைப்போர் உள்ளனர். 1952-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செயல்விளக்கம் அளிக்கப்பட்ட முன்னோடி இயந்திரத்தை வெற்றிடக் குழாய்கள் கட்டுப்படுத்தின. இன்று உள்ளங்கையளவு ஆர்டுயினோ பலகையும் 'ஜிஆர்பிஎல்' என்ற இலவச மென்பொருளும் அப்பணிக்குப் போதும்.

எனினும், துல்லியம் தவறுவது பெரும்பாலும் மென்பொருளால் அல்ல. திருகுத் தண்டிலும் சட்டத்திலும் ஏற்படும் தளர்வால்தான். பரவலாகப் பயன்படும் ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளில் முடிக்கிறது. சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் தண்டுடன் இணைத்தால், ஒரு படி 0.04 மி.மீ. ஆகும். நட்டு தேய்ந்து 0.2 மி.மீ. தளர்வு உண்டானால், திசை மாறும்போதெல்லாம் ஐந்து படிகள் வீணாகும். வெட்டப்படும் வட்டமும் கோணலாகும். தண்டில் படியும் தூளை அகற்றி எண்ணெயிடுவது இத்தேய்மானத்தைக் குறைக்கும்.

இதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. இத்தகைய இயந்திரங்கள் பலவற்றில், மோட்டார் படி தவறியதை உணரும் கருவி கிடையாது. கட்டர் சிக்கினாலும் கட்டளைகள் தொடரும். கட்டர் உடைந்து தெறிக்கவும் கூடும். எனவே, மோட்டார்களுக்கான மின்சாரத்தையே துண்டிக்கும் அவசர நிறுத்தப் பொத்தான் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சுழலும் கட்டரில் சிக்கிக் கையை இழுத்துவிடும் என்பதால் கையுறை கூடாது.