சிறுகப் பெறுதல்: வயிறு, எடை, வலி குறித்துச் சில குறிப்புகள்

1

“சிறுசாப் பெத்துப் பெருசா வளக்கணும்” என்பது என் அம்மாச்சியின் வாக்கு. மேலூரைத் தாண்டிக் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆறு பிள்ளை பெற்றவள். நின்றது நாலு. ஏழாம் மாதத்திலிருந்து ஒரு வேளைச் சோற்றைக் குறைத்துவிட வேண்டும், ராத்திரியில் கஞ்சித்தண்ணி போதும் என்பது அவள் கடைப்பிடித்த, மகள்களையும் கடைப்பிடிக்கச் சொன்ன சட்டம். பிள்ளை பெருத்தால் நோவு பெருக்கும், பிள்ளை சிறுத்தால் நோவு சிறுக்கும். இவ்வளவுதான் அதன் தர்க்கம்.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. மருத்துவத் துறையும் வளர்ச்சித் திட்டக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். மரபின் ஞானம் என்று தூக்கிப் பிடிப்பது அதைவிட எளிது. இரண்டையும் தவிர்த்துவிட்டு வேறொன்றைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். பெண்ணின் வலியைப் பிள்ளையின் எடையை வைத்து நிறுக்கும் பழக்கம் எங்கிருந்து வருகிறது? அந்தத் தராசு யார் கையில் இருந்தது, இப்போது யார் கையில் இருக்கிறது?

2

முதலில் அம்மாச்சியின் தர்க்கத்தை அதன் இடத்தில் வைத்துப் பார்ப்போம். தமிழில் ‘வயிறு’ என்பது ஒரே சொல். சோறு போவதும் அங்கே, பிள்ளை இருப்பதும் அங்கே. “வயித்துல பிள்ளைக்கு எடம் வேணும்ல” என்று அவள் சொல்லும்போது இரண்டு அர்த்தமும் சேர்ந்தே ஒலிக்கும். ஆனால் இந்தச் சட்டத்தை உருவாக்கியது சொல்லல்ல, பயம். சிறு வயதில் கல்யாணம், குழந்தைப் பருவத்துப் பசியால் வளராமல் நின்றுபோன உடம்பு, குறுகிய இடுப்பெலும்பு. பிள்ளை குறுக்கே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? சென்னை எழும்பூரில் பிரசவ மருத்துவமனை 1844இலேயே வந்துவிட்டது. மதுரை மருத்துவக் கல்லூரி வந்தது 1954இல். நடுவில் நூற்றுப்பத்து வருஷம். மதுரை நகரத்தில் மிஷன் மருத்துவமனைகள் இருந்தன, உண்மைதான். ஆனால் மேலூரிலிருந்து மதுரைக்கு முப்பது கிலோமீட்டர். மேலூருக்கு வந்துசேரவே மாட்டுவண்டி பிடிக்க வேண்டிய கிராமத்துப் பெண்ணுக்கு, வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுக்கலாம் என்ற செய்தி, செய்தியாக மட்டும்தான் இருந்தது. அவள் கட்டுப்பாட்டில் இருந்த ஒரே கருவி அவள் முன்னால் இருந்த வட்டில். அதைத் தள்ளி வைத்தாள்.

இதே காரியத்தை ஐரோப்பிய மருத்துவமும் செய்தது என்பதை நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். ஹாம்பர்க் நகரத்து மருத்துவர் லுட்விக் புரோகோவ்னிக் 1889இல் ஒரு பத்திய முறையை வெளியிட்டார். இடுப்பெலும்பு குறுகிய கர்ப்பிணிகள் கடைசி வாரங்களில் மாவுப்பொருளையும் தண்ணீரையும் குறைத்துக்கொண்டால் பிள்ளை சிறிதாகப் பிறக்கும், பிரசவம் எளிதாகும் என்பது அதன் சாரம். சிசேரியன் அப்போது உயிரைப் பணயம் வைக்கும் அறுவை. சிக்கிக்கொண்ட பிள்ளையின் மண்டையை உடைத்து வெளியே எடுப்பதுதான் பல நேரங்களில் மாற்று. அதனால் புரோகோவ்னிக்கைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஹாம்பர்க்கில் சொன்னால் அது சிகிச்சை, மேலூரில் சொன்னால் அது அறியாமை என்று பிரிக்கிற கோட்டைத்தான் சுட்டுகிறேன். இரண்டு இடத்திலும் பயம் ஒன்று, தீர்வு ஒன்று. இரண்டு இடத்திலும் பட்டினி கிடந்தது பெண்.

அந்தப் பட்டினிக்கு என்ன கிடைத்தது என்பதும் இன்று தெரியும். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் ராணுவம் ஹாலந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் தடுத்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிகூடக் கிடைக்காத மாதங்கள். அப்போது கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருந்த பெண்களுக்குப் பிறந்த பிள்ளைகளின் எடை சராசரியாக 300 கிராம் அளவுக்குக் குறைந்தது. ஒரு நாட்டையே பட்டினி போட்டு ஈட்டிய குறைவு இது. கடைசி மாதங்களில் உணவு குறைந்தால் முதலில் கரைவது பிள்ளையின் கொழுப்பும் சதையும். தலை அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. வாசலில் முட்டுவது பெரும்பாலும் தலைதான்.

3

எடைக் கணக்குக்குப் பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பெண்ணுக்கு வலிக்கும், எந்தப் பெண்ணுக்கு வலிக்காது என்ற கணக்கு. 1882இல் ஜார்ஜ் எங்கெல்மன் என்ற அமெரிக்க மருத்துவர், ‘ஆதிக்குடி’களின் பிரசவம் பற்றி ஒரு நூல் எழுதினார். இயற்கையோடு வாழ்கிற, உடலுழைப்புச் செய்கிற பெண்கள் சுலபமாகப் பெற்றுவிடுகிறார்கள், நாகரிகம் வளர வளர வலியும் வளர்கிறது என்ற கதையாடலுக்கு அத்தகைய நூல்கள் வலுச்சேர்த்தன. இந்தக் கதையாடலுக்கு ரத்தக்கறை உண்டு. 1840களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் தெற்கே மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், நீடித்த பிரசவத்தால் உடம்பு கிழிந்துபோன அடிமைப் பெண்களை மயக்க மருந்தில்லாமல் திரும்பத் திரும்ப அறுத்தார். அவர்களில் அனார்க்கா என்ற பெண் மட்டும் முப்பது தடவை அறுக்கப்பட்டாள்.

நம்மூரில் இதன் வடிவம் வேறு. “களையெடுத்துட்டு இருந்தா, வரப்புல பெத்துட்டு மறுபடியும் களையெடுக்கப் போயிட்டா” என்ற கதையை மேலூர்ப் பக்கம் கேட்காதவர் யார்? இந்தக் கதையில் வருகிற பெண் எப்போதும் கூலிக்காரியாகவே இருப்பாள். சொல்கிறவர் வீட்டுப் பெண்ணாக இருக்கவே மாட்டாள். புகழ்ச்சி மாதிரி தோன்றுகிற இந்தக் கதை, மறுநாள் அவளுக்கு ஓய்வு கொடுக்காமல் இருப்பதற்கான அனுமதிச் சீட்டு. பிள்ளை சிறுசு, வேலை செய்த உடம்பு, வலி இருக்காது என்று மற்றவர்கள் தீர்மானித்துவிட்ட பிறகு அவள் கத்தினாலும் அது வலியாகப் பதிவாகாது.

4

சரி, பிள்ளையின் அளவுக்கும் வலிக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. ஆனால் அம்மாச்சி நினைத்த அளவுக்கு இல்லை.

பிரசவ வலியின் பெரும்பகுதி பிள்ளை வழியில் இறங்குவதற்கு முன்பே நடந்து முடிகிறது. கர்ப்பப்பை சுருங்கி விரிவதும், அதன் வாய் சிறிது சிறிதாகத் திறப்பதும்தான் அந்த மணிக்கணக்கான நோவு. அது அடிவயிற்றிலும் இடுப்பிலும் தெரியும். இரண்டரைக் கிலோ பிள்ளைக்கும் நாலு கிலோ பிள்ளைக்கும் வாய் திறக்க வேண்டியது ஏறக்குறைய ஒரே அளவுதான். பிள்ளை இறங்கி வெளிவரும் கடைசிக் கட்டத்தில் சதை விரிந்து கிழிகிற எரிச்சல் வேறு நரம்புகள் வழியாக வருகிறது. அங்கே அளவு பேசும். நாலு கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தோள் மாட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது, கிழிசலும் கூடுகிறது. ஆனால் பிள்ளை எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது, வலி எத்தனை மணி நேரம் நீள்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், எவ்வளவு பயந்திருக்கிறாள், மருந்தேற்றி வலியை முடுக்கினார்களா என்பவையும் சேர்ந்துதான் வலியின் அளவைத் தீர்மானிக்கின்றன.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்டு மெல்சாக், வலியைச் சொற்களால் அளக்கும் ஒரு வினாப்பட்டியலை 1975இல் உருவாக்கினார். குத்துகிறதா, பிசைகிறதா, எரிகிறதா என்று வலிக்கிறவரிடமே கேட்கிற முறை. 1980களில் பிரசவப் பெண்களிடம் அதைக் கேட்டபோது கிடைத்த முடிவுகளில் எனக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு. ஒன்று, வலி பெண்ணுக்குப் பெண் மிகவும் வேறுபடுகிறது. இரண்டு, தலைப்பிரசவமே சராசரியில் கடுமையானது. இதைப் படித்தபோது மதுரைக்காஞ்சியில் வரும் ‘கடுஞ்சூல்’ என்ற சொல் நினைவுக்கு வந்தது. முதற்சூலைக் குறிக்கும் சொல் அது. சூலின் கடுமைக்குப் பெயர் வைத்தவர்கள் பிள்ளையின் பருமனைப் பார்க்கவில்லை, பெண்ணுக்கு இது எத்தனையாவது சூல் என்று பார்த்தார்கள். இதை வைத்துச் சங்க காலத்திலேயே எல்லாம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. வலியைப் பெண்ணின் பக்கத்திலிருந்து பார்க்கும் சொல் நம் கையில் ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

‘வலி’ என்பதே இரட்டைச் சொல். பழைய தமிழில் அது வலிமை. பேச்சில் அது நோவு. தமிழ்நாட்டில் 1995இல் களப்பணி செய்து 2003இல் பிரசவம் குறித்து நூல் எழுதிய மானுடவியலாளர் செசிலியா வான் ஹாலன் இந்த இரட்டைத் தன்மையைக் கவனித்திருக்கிறார். அரசு மருத்துவமனைகளில் வலி மருந்து என்றால் வலியைக் குறைக்கிற மருந்தல்ல, வலியைக் கூட்டுகிற மருந்து என்பதையும் எழுதினார். வலி வந்தால்தான் பிள்ளை வரும் என்று பெண்களே அதைக் கேட்டு வாங்கினார்கள். வலியைத் தாங்குவது பெருமையாகவும், வலியைக் குறைக்கச் சொல்வது குறையாகவும் ஆகிற இடம் இது.

5

1980இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கியபோது, முன்னோடியாக எடுத்துக்கொள்ளப்பட்ட வட்டாரம் கொட்டாம்பட்டி. அம்மாச்சியின் சட்டம் நடந்துகொண்டிருந்த அதே மண். மாதாமாதம் பிள்ளைகளை நிறுத்து அட்டையில் புள்ளி வைத்தார்கள். எடை ஏறாத பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் சத்துமாவு கொடுத்தார்கள். ‘சிறுசாப் பெறாதே’ என்பது அரசின் குரலாயிற்று. இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறப்பது பிள்ளைக்கு ஆபத்து என்பது மருத்துவ உண்மை. அதில் எனக்கு மறுப்பில்லை. அந்தத் திட்டத்தால் கடுமையான ஊட்டக்குறைவு குறைந்ததும் உண்மை. ஆனால் “நிறையத் தின்னு” என்று சொன்னவர்கள், “மாட்டிக்கிட்டா என்ன செய்யுறது” என்ற அவளுடைய கேள்விக்கு அதே மூச்சில் பதில் வைத்திருக்கவில்லை. இருபத்துநாலு மணி நேரமும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், 2008இல் 108 வண்டியும் பிற்பாடு வந்தவை. சோறு முதலில் வந்தது, வழி பின்னால் வந்தது. நடுவில் இருந்த பெண்கள் சோற்றைத் தள்ளியதில் என்ன அறியாமை?

இன்று தராசு மறுபடி கை மாறிவிட்டது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி அதில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் இது 60ஐத் தாண்டுகிறது. பிள்ளை பெருக்கும் என்ற பழைய பயத்துக்குச் சர்க்கரை ஒரு புதிய காரணத்தையும் தந்திருக்கிறது. சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில் தமிழக நகரக் கர்ப்பிணிகளில் 17.8 சதவீதமும் கிராமக் கர்ப்பிணிகளில் 9.9 சதவீதமும் கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்கள். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் பிள்ளை பெருக்கிறது. கவனிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் சர்க்கரையே இல்லாதவளிடமும் ஸ்கேனில் ஓர் எண்ணைக் காட்டி “பெரிய பிள்ளை” என்று சொல்லிவிடலாம். அந்த எண் பத்து சதவீதமாவது முன்பின் போகக்கூடிய மதிப்பீடு என்பதை யாரும் சொல்வதில்லை.

எனக்குச் சொன்னார்கள். ஒரு மருத்துவமனையில், வலி எடுத்து ஆறு மணி நேரத்தில், 3.7 கிலோ, நார்மலுக்கு வாய்ப்பில்லை என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். மகன் பிறந்தபோது 3.3 கிலோ. அறுத்திருக்க வேண்டாம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதுவல்ல என் பிரச்சினை. அந்த ஆறு மணி நேரத்தில் எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கட்டில் பக்கத்தில் நின்ற செவிலியர் சிரித்துக்கொண்டே சொன்னது மட்டும் காதில் நிற்கிறது: “நல்லாச் சாப்பிட்டிருக்கீங்கல்ல.”

6

இந்த வாக்கியத்தை அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. 1988இல் நான் வயிற்றில் இருந்தபோது, ஊட்டச்சத்து மையத்தில் கொடுத்த மாவை அம்மாச்சிக்குத் தெரியாமல் உருண்டை பிடித்துத் தின்றிருக்கிறாள். நான் 2 கிலோ 900. வீட்டிலேயே பிரசவம். மருத்துவச்சி பக்கத்தில். வலி தாங்காமல் அம்மா அலறியபோது அம்மாச்சி சொன்னாளாம்: “தின்னேல்ல, இப்ப அனுபவி.” முப்பது வருஷத்துக்கு மேலாக அம்மா இதை யாரிடமும் சொன்னதில்லை. ஓலைக் கூரைக்குக் கீழே சொன்னதும் குளிரூட்டிய அறையில் சொன்னதும் ஒரே வாக்கியம். வலி அவள் தின்றதற்கான கூலியாகிவிடுகிறது.

அம்மாச்சி சாவதற்கு முந்தின வருஷம் அவளிடம் எடையைக் கேட்காமல் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். ஆறில் எது ரொம்ப வலித்தது என்று. யோசிக்காமல் சொன்னாள். நாலாவது. “அதுதான் இருக்கதுலயே சிறுசு. பூனைக்குட்டி மாதிரி. மல்லாக்க வந்துச்சுடி. ரெண்டு ராத்திரி இடுப்பு ஒடிஞ்சு போச்சு.” பெரியது எது? “கடைசிப் பய. உரல்கல்லு மாதிரி இருந்தான். மருத்துவச்சி வாசப்படி ஏறுறதுக்குள்ள விழுந்துட்டான்.”

அப்படியென்றால் சிறுசாப் பெத்தா வலிக்காதுன்னு ஏன் சொன்ன அம்மாச்சி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “என்னய இப்படி யாரு கேட்டா?” என்றாள்.