ஊர் கூடி ஏற்றிய அடுப்பு

மணிமேகலையின் கையில் அமுதசுரபி வந்து சேர்ந்த கதையை நாம் அனைவரும் அறிவோம். அள்ள அள்ளக் குறையாத அத்தெய்வப் பாத்திரமும், ஆதிரை என்னும் இல்லத்தரசி முதற் பிச்சை இட்ட பின்னரே பிறர் பசி தீர்க்கத் தொடங்கியது என்பதைச் சிலரே நினைவில் கொள்கிறோம். பெருங்கொடைக்கும் ஊராரின் ஒரு பிடி முதலில் வேண்டும் என்பதே அக்கதையின் உட்பொருள் எனக் கருதுகிறோம். தமிழகத்தின் அண்மைக்கால வரலாறும் இதனையே மெய்ப்பிக்கிறது.

1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கு நிலம் தந்தவர்கள் மன்னரல்லர். அருகிலிருந்த பார்வதிபுரத்து மக்களே. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை.

1920ஆம் ஆண்டு, சர் பிட்டி தியாகராயர் தலைவராக விளங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவிடலாம் என்பது வரையறை. வேறு சில பள்ளிகளுக்கும் விரிந்த அத்திட்டம், தொடக்கக் கல்வி நிதியை உணவுக்குச் செலவிட ஆங்கில அரசு இசையாமையால் 1925இல் நின்றது. பின்னர்ச் சிறிய அளவில் உயிர்பெற்றதாயினும், ஒரு கோப்பில் எழுதும் ஒரு வரி குழந்தைகளின் உணவை நிறுத்திவிடக்கூடும் என்பதை அலுவலக மேசையில் காலங்கழிக்கும் நாம் நன்குணர்வோம்.

காமராசர் காலத்தில் வேறொரு வழி பிறந்தது. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் மக்களைக் கூட்டி, பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை எடுத்துரைத்தார். நெல் உள்ளவர் நெல்லும், காய் விளைத்தவர் காயும், விறகு உள்ளவர் விறகும் கொடுத்தனர். 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் அரசின் முயற்சியாக மலர்ந்தது. செலவில் அறுபது விழுக்காட்டை அரசும், நாற்பது விழுக்காட்டை ஊராரும் ஏற்றனர். தம் பங்கு இருந்தமையால், அடுப்பு எரிகிறதா என்று ஊரே கண்காணித்தது.

அவ்வடித்தளத்தின் மீதே 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் எழுந்தது. 2001இல் உச்ச நீதிமன்றம், சமைத்த மதிய உணவை நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் வழங்க ஆணையிட்டது. 2022இல் தமிழகத்தில் காலை உணவும் சேர்ந்தது. ஊரார் கருணை, பிள்ளைகளின் உரிமையாக வளர்ந்த வரலாறு இது.

சான்பாடாவில் வாழும் நமக்கு இதில் பாடம் உண்டு. நம் முன்னோருள் பலர் பஞ்சத்துக்கும் வறுமைக்கும் அஞ்சியே பம்பாய்க்கு இரயிலேறினர். தாராவியில் ஒண்டுக் குடித்தனத்தில் ஒரு பானைச் சோற்றைப் பகிர்ந்து உண்டனர். இன்றோ நம் வீடுகளுக்கு அருகிலேயே பெருந்தானியச் சந்தை இருக்கிறது. மூட்டை மூட்டையாய் அரிசி இறங்குகிறது. அம்மூட்டைகளைச் சுமப்பவரின் பிள்ளை காலையில் உண்டதா என்று நாம் கேட்டதுண்டா?

சங்க விழாக்களில் பட்டிமன்றமும் நாட்டியமும் சிறக்கட்டும். அவற்றோடு, ஆண்டுக்கொருமுறையேனும் நம் பிள்ளைகளை அமர்த்தி இவ்வரலாற்றைச் சொல்வோம். வீட்டுக்கொரு பிடி அரிசி கொண்டுவரச் செய்வோம். அப்பிடி சிறிதுதான். ஆயினும் ஆதிரை இட்டதும் அவ்வளவே அன்றோ!