வீரட்டம் எட்டும் திருப்பதிகம் பாடுவார் மரபும்

திருச்சிற்றம்பலம்



திருக்குடமுழுக்கு நிகழும் இந்நன்னாளில், அன்பர்கள் மனமுவந்து ஈந்த பொருள் கோபுரமாகவும் விமானமாகவும் கலசமாகவும் நம் கண்முன் நிற்கின்றது. கல்லாலும் சுதையாலும் அமைந்த இக்கோயிலேயன்றிச் சொல்லாலும் இசையாலும் அமைந்த கோயில் ஒன்றும் உண்டு. அதுவே திருமுறை. அஃது எங்ஙனம் எழுந்தது, எங்ஙனம் சிதைந்தது, எவரால் காக்கப்பெற்றது என்பதனை, வீரட்டத் தலங்கள் எட்டினையும் துணையாகக் கொண்டு ஈண்டுச் சிறிது சிந்திப்பாம்.

திருமாலின் அவதாரங்களை ஆழ்வார்கள் உள்ளமுருகப் பாடினர். சைவர் தம் தலைவனைப் பாடும் நெறி வேறு. பிறப்பு என்பது வினையின் பயனாக வருவது. சிவபெருமானுக்கு வினை இல்லை. ஆதலின் கருவிலே தங்கிப் பிறக்கும் பிறப்பும் அவனுக்கில்லை என்பது சித்தாந்தத் துணிபு. இளங்கோவடிகளும் சிலப்பதிகாரத்தே அவனைப் பிறவாத உடம்பினன் என்றே குறித்தார். பிறவாதவன் உயிர்கட்கு எங்ஙனம் அணியனாவான்? வினையால் வரும் உடம்பின்றி அருளாற் கொள்ளும் திருமேனியோடு ஓரிடத்தே தோன்றி, ஓர் அருட்செயல் புரிந்து, அவ்விடத்தையே தன் இருப்பிடமாகக் கொள்வான். அவதாரத்திற்கு ஒரு காலம் உண்டாதல்போல, இவ்வருட்செயலுக்கு ஒரு தலம் உண்டு. இதனாலன்றோ தேவாரம் மூவரும் ஊர்தோறும் நடந்து, ஊர்ப்பெயரைப் பாட்டினுள் வைத்துப் பாடினர்!

இவ்வுண்மையை நன்கு விளக்குவன அட்ட வீரட்டங்கள். பிரமன் தலையைக் கொய்தது கண்டியூர். அந்தகாசுரனை அழித்தது கோவலூர். முப்புரம் எரித்தது அதிகை. தக்கன் வேள்வியைத் தகர்த்தது பறியலூர். சலந்தரனை வதைத்தது விற்குடி. யானையை உரித்துப் போர்த்தது வழுவூர். காமனை எரித்தது குறுக்கை. மார்க்கண்டேயர் பொருட்டுக் கூற்றுவனை உதைத்தது கடவூர். இவை அழித்தற் செயல்போலத் தோன்றினும், உண்மையில் அருட்செயல்களே. முப்புரம் என்பது மும்மலத்தின் செயலே எனத் திருமூல நாயனார் விளக்கியது காண்க.

அதிகை வீரட்டம் அடியார் ஒருவர் வாழ்விலேயே இதனை மெய்ப்பித்தது. தருமசேனர் என்னும் பெயரோடு சமண நெறியில் நின்ற மருணீக்கியார், கொடிய சூலைநோயால் வருந்தி, தமக்கையார் திலகவதியாரை அடைந்து, அவர் அளித்த திருநீற்றை அணிந்து, அதிகைப் பெருமான் திருமுன் நின்று தம் முதற் பதிகத்தைப் பாடினார். நோய் நீங்கியது; நாவுக்கரசர் என்னும் திருப்பெயரும் வாய்த்தது. அவர் காலத்துப் பல்லவ வேந்தனும் பின்னர்ச் சைவம் சார்ந்தான் என்பது சேக்கிழார் வாக்கு. அவ்வேந்தன் 7 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் என்பர் வரலாற்றறிஞர். அதிகையிலே முப்புரம் மீண்டும் எரிந்தது. இம்முறை அஃது ஓர் உள்ளத்தினுள்ளே எரிந்தது.

இனி, எட்டனுள் ஒன்றனை நினைக்குங்கால் நெஞ்சம் துணுக்குறுகின்றது. இன்று கிடைத்துள்ள தேவாரத்தில் ஏழு வீரட்டங்களுக்குப் பதிகம் உண்டு. வழுவூர் வீரட்டத்திற்குத் தனிப்பதிகம் இல்லை. அப்பர் பெருமான் அடைவுத் திருத்தாண்டகத்துள் வீரட்டங்களை அடுக்கி ஓதுங்கால் வழுவையையும் உடன் வைத்து ஓதுகின்றார். யானை உரித்த செயலோ பதிகங்கள் பலவற்றிற் பயின்று வருகின்றது. ஆயினும் அவ்வூரிற் சென்று, அவ்வூர்க்குரிய பதிகம் ஓதுவோம் என்பார்க்கு ஓதுதற்கு ஒன்றில்லை. கோயில் நிற்கின்றது, மூர்த்தி விளங்குகின்றது, பாட்டு மட்டும் இல்லை. பாட்டின் இழப்பு எத்தகையது என்பதனை வழுவூரிற் கண்டு தெளிக.

மூவரும் பாடிய பதிகங்கள் ஓரிலக்கத்து மூவாயிரம் என்பது மரபு. இன்று நம்பால் உள்ளன ஏறத்தாழ 800. தில்லையில் அறையொன்றனுள் பூட்டிக் கிடந்த ஏடுகளைச் சோழ வேந்தன் திறப்பித்தபோது, அவற்றின் பெரும்பகுதியைக் கறையான் அரித்திருந்தது என்றும், எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். இவ்வளவும் பலரும் அறிந்ததே. அதன்பின் நிகழ்ந்ததாக அந்நூல் கூறுவதோ அதனினும் கருதத்தக்கது. ஏடு கிடைத்தும் பண் கிடைத்திலது! எழுத்தைக் கண்டார், இசையை அறிந்திலர். பின்னர், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியை எருக்கத்தம்புலியூரிற் கண்டு, அவ்வம்மையைக் கொண்டே பண் வகுத்தனர். கறையான் ஏட்டை அரிக்கும், மிடற்றை அரியாது. ஏழைப் பாணர் குடியொன்று தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தமையாலன்றோ, அரசனாலும் காணவியலாதது கைவந்தது!

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். தில்லை ஏடுகள் வெளிப்படுதற்கு முன்னரே, 9 ஆம் நூற்றாண்டுப் பல்லவர் கல்வெட்டொன்று திருவல்லத்துக் கோயிலில் திருப்பதியம் பாடுவாரைக் குறிக்கின்றது. முதலாம் இராசராசன் (கி.பி. 985-1014) தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் அமர்த்தினான். இவ்வைம்பதின்மருக்கும் நாடோறும் பேர்க்கு முக்குறுணி நெல் அளந்தனர். குறுணி பன்னிரண்டு கொண்டது கலமாதலின், ஒரு நாளைக்குப் பன்னிரண்டரைக் கலம் நெல் பாட்டிற்கெனவே சென்றது. அவருள் ஒருவர் இறப்பினும் ஊர்பெயரினும், அவர்க்கு அணிய உறவினர் அந்நெல் பெற்றுப் பாடுக; அவர் தகுதியிலராயின் தக்கார் ஒருவரைப் பாடச் செய்க; உறவினரே இலராயின் ஏனையோர் கூடித் தக்காரைத் தேர்ந்திடுக எனவும் அக்கல்வெட்டு விதிக்கின்றது. கோயிற்குக் கல் தேடிய வேந்தன், தனக்குப்பின் பாடுவார் அறுதியுறாமைக்கும் வழி தேடினான்.

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில், கண்ணிழந்தோர் 16 பேரும் அவரை வழிநடத்தும் கண்ணுடையார் இருவரும் திருப்பதியம் பாட நிவந்தம் விடப்பெற்ற செய்தி சோழர் காலக் கல்வெட்டிற் காணப்படுகின்றது. ஏட்டைக் காணமாட்டாதாரும் பாட்டைக் காத்தனர் என்றால், திருமுறையின் உறைவிடம் யாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? கல்லும் ஒருகால் துணை செய்தது. ஏட்டில் இல்லாத சம்பந்தர் பதிகமொன்று, திருவாரூர் மாவட்டத்துத் திருவிடைவாய்க் கோயிற் கல்வெட்டிலிருந்து 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிப்பட்டது. பொறித்து வைத்தார் எவரோ. பயன் பெற்றோர் நாம்.

அடியேன் இளமையில் மடத்துப் பாடசாலையிற் பயின்ற காலத்து, ஆசிரியர் முதலிற் புத்தகத்தைக் கையிற் கொடார். பதிகத்தைக் காதிற் கொடுப்பார். வைகறையில் ஒரு பாட்டைப் பத்துமுறை பாடுவார். பிழைத்த இடத்தில் நிறுத்தித் திருத்துவார். எழுபது கடந்த இந்நாளிலும் பதிகம் ஓதத் தொடங்கின் அவர் குரலே முன் வருகின்றது. சில ஆண்டுகளுக்கு முன் குடமுழுக்குக் கண்ட ஊரொன்றிற்கு ஒருநாள் மாலைப் பூசைக்குச் சென்றேன். கலசம் பொன்னொளி வீசியது. தேவாரமோ ஒலிபெருக்கியினின்று வந்தது. பூசை முடியுமுன்னரே அதனை எவரோ நிறுத்தினர். பதிகம் பாதியில் நின்றது. கேட்டவர் எவரும் திடுக்கிட்டிலர். அதுவே எனக்குப் பெருந்துயராயிற்று. ஒலிப்பதிவு தீதென்பது என் கருத்தன்று. அதுவும் ஏடு போல்வதொரு சேமிப்பே. ஆயின் ஏடு மாணாக்கன் பிழையைத் திருத்தாது, ஒலிப்பதிவும் திருத்தாது.

ஆதலின், அறங்காவலர்க்கும் கொடையாளர்க்கும் அடியேனது விண்ணப்பம் ஒன்றுண்டு. திருப்பணியில் எஞ்சிய பொருளினின்றும் ஒரு பகுதியை வைப்புநிதியாக்குக. அதன் வரவால் ஓதுவார் ஒருவரை நாட்பூசைக்கு அமர்த்துக. அவரிடம் இவ்வூர்ச் சிறுவர் சிறுமியர் சிலரேனும் பண்ணோடு பதிகம் பயில வழி செய்க. சாத்திய மருந்து தேய்வதும், பன்னீராண்டில் மீண்டும் சாத்துவதும் ஆகம நெறி. பாட்டோ ஒரு தலைமுறை இடையறினும் மீண்டும் சாத்தற்கு அரிது. நம் பேரர் ஓதுங்கால் இத்தலத்துக்கும் ஒரு பதிகம் இருத்தல் வேண்டும். வழுவூர்க்கு நேர்ந்தது இனி எவ்வூர்க்கும் நேராதிருப்பதாக.

திருச்சிற்றம்பலம்