சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவே

பின் சப்ஃபிரேம் ஸ்பேசர் பார்வைக்கு ஒரு தடித்த வாஷர்தான். பின்சக்கரங்களின் கைகளையும் டிஃபரன்ஷியலையும் தாங்கும் சிறு சட்டம், காரின் உடலோடு ரப்பர் புஷ்கள் வழியாக போல்ட்டால் இணைக்கப்பட்டிருக்கும். அந்த இணைப்பில் நுழைக்கும் அலுமினியத் துண்டோ எஃகுத் துண்டோ இரண்டில் ஒரு வேலையைச் செய்யும். ஒன்று, புஷ்ஷில் இருக்கும் இடைவெளியை அடைத்துச் சட்டத்தின் ஆட்டத்தைக் குறைக்கும். இல்லையென்றால், சட்டத்தை உடலிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி அதன் சாய்வை மாற்றும். ஸ்போர்ட்ஸ் காருக்கு விறைப்பான ஸ்பிரிங்கும் நன்றாகப் பிடிக்கும் டயரும் போட்டவர்கள் கடைசியில் இந்தத் துண்டிடம் வந்து நிற்கிறார்கள். மற்ற எல்லாம் இறுகிய பிறகு, வளைவில் வரும் விசைக்கு வளைந்துகொடுப்பது அந்த ரப்பர் ஒன்றுதான். அது வளையும்போது இரண்டு பின்சக்கரங்களும் ஓட்டுநர் கேட்காமலே திசை மாறும்.

துண்டு புதிது, தேவை பழையது. சென்னையில் அந்தத் தேவை உருவான இடங்களில் பெரும்பாலானவை வடசென்னையின் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கின்றன: வடக்கே எண்ணூர், கிழக்கே திருவொற்றியூர், வடமேற்கே சோழவரம்.

எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948-ல் தொடங்கி, முதலில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. 1950-ல் லேலண்டுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1955-ல் நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்ட் ஆயிற்று. லேலண்ட் லாரிக்கு அடியில் இருந்தது பட்டைக்கட்டு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளை யூ போல்ட்டால் அச்சோடு இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. பட்டை தளர்ந்தால் ஒரு பட்டை கூட்டு, வண்டி சாய்ந்தால் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு கட்டை வை. துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப்போகும் லாரிகளைப் பழுதுபார்க்கும் எந்தப் பட்டறைக்கும் இது தெரிந்த வேலை. கட்டை எங்கே போகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். அச்சுக்கு மேல் பட்டை இருந்தால் இடையில் வைக்கும் கட்டை வண்டியை உயர்த்தும். அச்சுக்குக் கீழே பட்டை தொங்கினால் அதே கட்டை வண்டியைத் தாழ்த்தும்.

திருவொற்றியூருக்கு வந்தது வேறொரு வழி. இந்திய ராணுவத்துக்கு 350 சிசி புல்லட்டுகள் தேவைப்பட்டதை ஒட்டி, மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன. அந்த புல்லட்டின் பின்சக்கரம் சட்டத்தோடு விறைப்பாகப் பூட்டப்பட்டதல்ல. ஒரு கையின் முனையில் ஏறி இறங்கியது. இங்கிலாந்தில் 1940-களின் இறுதியில் இது புதுமை. சக்கரத்தைத் தாங்கும் கை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதே வண்டியின் குணத்தைத் தீர்மானிக்கும் என்ற பாடம் இந்த வட்டாரத்து மெக்கானிக்குகளுக்கு இரண்டு சக்கரத்திலேயே கிடைத்துவிட்டது. டயரும் தொலைவிலிருந்து வரவில்லை. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப், 1961-ல் டயர் உற்பத்திக்கு வந்தது.

இவை எல்லாம் சோதனைக்கு வந்த இடம் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானபின், 1980-களின் இறுதிவரை இந்தியக் கார் பந்தயத்தின் தலைநகரம் என்றே சோழவரத்தைச் சொல்லலாம். இறக்குமதி கடினமாக இருந்த காலம். பந்தயத்துக்கென்று செய்த கார் அரிது. வீட்டு வாசலில் நிற்கும் ஃபியட்டும் ஹெரால்டும்தான் மூலப்பொருள். ஓடுதளத்துக்கு ஒரு குணம் உண்டு. நேர்ப்பாதையில் வேகம் முழுதாக ஏறும். பிறகு திருப்பத்தில் அத்தனையையும் சட்டென்று குறைத்தாக வேண்டும். பின்சக்கரத்துக்குச் சங்கடமான இடம் அந்தத் திருப்பம்தான்.

அந்தச் சங்கடத்தை முழுமையாகக் காட்டிய கார் ஹெரால்டு. சென்னையின் தெற்கு ஓரத்தில், வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961 முதல் அதைத் தயாரித்தது. இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. தனிச் சட்டம், 948 சிசி என்ஜின், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். விலை குறைந்த காரில் இது பெரிய விஷயம். ஆனால் பின்பக்கத்தில் சிக்கனம் பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு அரை அச்சும் டிஃபரன்ஷியலை ஒட்டிய ஒரே மூட்டில் மடிந்தது; மறுமுனையில் சக்கரம் அதற்குச் செங்குத்தாக நின்றது. எனவே சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் சாய்ந்தது. இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றைப் பட்டைக்கட்டு குறுக்காக, டிஃபரன்ஷியலின் தலைமேல் போல்ட்டால் இறுக்கப்பட்டிருந்தது.

வேகமான திருப்பத்தின் நடுவில் ஓட்டுநர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காரின் பின்பக்கம் மேலே எழும். எழுந்தால் அரை அச்சுகள் கீழ்நோக்கி மடியும். வெளிப்பக்கச் சக்கரத்தின் அடி உட்புறம் போய்விடும். டயர் அதன் ஓரத்தில் நின்று பிடியை இழக்கும், பின்பக்கம் ஒரே வீச்சில் சுழலும். சில கார்கள் உருண்டும் போகும். பயந்து காலை எடுப்பதுதான் மனித இயல்பு என்பதால் இந்த வடிவமைப்பைக் கொஞ்சம் கொடூரமானது என்றே சொல்ல வேண்டும்.

ஹெரால்டையும் அதே அடிச்சட்ட மரபில் 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயரையும் பந்தயத்துக்குத் தயார் செய்தவர்கள் கண்ட மருந்துதான் இன்றைய ஸ்பேசரின் நேரடி முன்னோடி. பட்டைக்கட்டைக் கழற்றி, டிஃபரன்ஷியலுக்கும் அதற்கும் நடுவே ஓர் உலோகக் கட்டையை வைத்து, நீளமான ஸ்டட் போட்டு மறுபடி இறுக்கினார்கள். பட்டையின் நடுப்பகுதி உயர்ந்தால் அதன் இரு முனைகளும், முனைகளில் தொங்கும் சக்கரங்களும் சட்டத்தைப் பார்க்க மேலே போகும். காரின் பின்பக்கம் தாழும். இரண்டு சக்கரங்களின் மேல்முனைகளும் உட்புறம் சாய்ந்து நிற்கும். நெகட்டிவ் கேம்பர் என்று சொல்வது இதைத்தான். சக்கரம் ஏற்கெனவே உட்புறம் சாய்ந்திருப்பதால், பின்பக்கம் எழுந்தாலும் அடி மடங்கும் ஆபத்தான நிலையை எட்டத் தாமதமாகும். லேத் உள்ள எந்தப் பட்டறையிலும் செய்யக்கூடிய துண்டு ஒன்று, தொழிற்சாலை விட்டுவைத்த குறையை ஓரளவு அடைத்தது. ஓரளவுதான். தாழ்ந்த கார் மேடுபள்ளத்தில் அடி தட்டும். டயரின் உள்ஓரம் சீக்கிரம் தேயும்.

ட்ரையம்ஃப் நிறுவனமே 1970-ல் நான்காம் வரிசை ஸ்பிட்ஃபயரில் வேறு தீர்வைக் கொண்டுவந்தது. பட்டைகளில் ஒன்றை மட்டும் இறுக்கி, மற்றவற்றை நடுவில் திரும்பும்படி விட்டது. சென்னை வேறு முடிவெடுத்தது. 1970-களின் தொடக்கத்தில் ஹெரால்டின் வழித்தோன்றலாக வந்த ஸ்டாண்டர்டு கஸலில் தனித்தனி சஸ்பென்ஷனையே நீக்கிவிட்டு, ஒரே துண்டான அச்சைப் போட்டார்கள். இந்தியச் சாலைக்கும் இந்திய மெக்கானிக்குக்கும் மடியும் அச்சு பிடிக்கவில்லை. பொறியியலில் அது ஒரு படி பின்னால் போனதுதான். ஆனால் எந்தப் பட்டறையிலும் சரிசெய்ய முடிந்தது என்பதால் பிழையான முடிவு என்று சொல்ல முடியாது.

சப்ஃபிரேம் என்ற ஏற்பாடு உலகத்தில் அப்போதே இருந்தது. 1959-ன் மினி காரில் முன்னும் பின்னும் ஒவ்வொன்று இருந்தது. தனிச் சட்டம் மறைந்து, காரின் உடலே சட்டமாக மாறியபோது, சஸ்பென்ஷனின் அதிர்வும் இரைச்சலும் உள்ளே வராமல் தடுக்க நடுவில் ரப்பர் வந்தது. பின்சக்கரத்துக்குப் பல கைகள் கொண்ட அமைப்பு பரவியபோது ஸ்பேசருக்கும் வேலை வந்தது. 1988-ல் வெளிவந்த நிசான் சில்வியா எஸ்13 நல்ல உதாரணம். அதன் பின் சப்ஃபிரேமின் முன்முனையிலும் பின்முனையிலும் வெவ்வேறு விதமாக வளையங்களை வைத்துச் சட்டத்தைச் சற்றே சாய்த்தால், வேகம் பிடிக்கும்போது பின்பக்கம் எவ்வளவு அமுங்கும் என்பதே மாறிவிடும்.

பொருத்தும் முறையில் ஹெரால்டு காலத்துப் பட்டறைக்கு அந்நியமானது எதுவும் இல்லை. காரை ஸ்டாண்டில் நிறுத்தி, சப்ஃபிரேமுக்கு ஜாக்கி கொடுத்து, ஒரு பக்கத்து போல்ட்டுகளை மட்டும் தளர்த்தி இறக்கி, துண்டை நுழைத்து, மறுபக்கத்துக்குப் போக வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கழற்றினால் சட்டம் நகர்ந்து, மறுபடி நேராக அமர்த்துவது பெரும்பாடு. தடித்த துண்டுக்கு நீளமான போல்ட் தேவை. பழைய போல்ட்டிலேயே சமாளித்தால் மரை போதிய அளவு பிடிக்காது. பிரேக் ஹோஸும் சைலன்சர் குழாயும் இழுபடவில்லை என்று பார்த்து, சக்கரங்களை அலைன்மெண்ட் செய்த பிறகுதான் காரை ஓட்டலாம்.

சென்னையில் இதற்கான உலோகமும் வடக்கிலேயே கிடைக்கிறது. ஜார்ஜ் டவுனின் நெரிசலிலிருந்து இரும்பு வணிகத்தை வெளியே கொண்டுவர சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் சாத்தாங்காட்டில் 200 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் இரும்பு எஃகுச் சந்தையை அமைத்தது. தகடும் தடியும் இங்கே மொத்தமாக விற்கின்றன. தேவை மட்டும் சிறியது. இந்தியாவில் விற்கும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் பின்பக்கத்தில் சப்ஃபிரேமே கிடையாது. டார்ஷன் பீம் எனப்படும் முறுக்கு விட்டம் ஒன்றுதான் இரண்டு சக்கரங்களையும் தாங்குகிறது.

பந்தயமும் வடக்கை விட்டுப் போயிற்று. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தத் தளம் திறக்கப்பட்டது. பொதுச்சாலையில் சட்டம் இறுகியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக, பதிவுச் சான்றிதழில் உள்ளவை வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.