காளான் அல்லாத காளான் நோய்



பாரிஸ் நகரத்து ஸேன் லூயி மருத்துவமனையில் அலிபேர் என்றொரு வைத்தியர் இருந்தார். உடம்பெங்கும் காளான் போன்ற கட்டிகள் முளைத்த ஒரு நோயாளியைப் பற்றி அவர் 1806-இல் எழுதினார். 1832-இல் அந்நோய்க்கு 'மைகோஸிஸ் ஃபங்காய்டிஸ்' என்று நாமகரணமும் செய்தார். காளான் நோய் என்பது பொருள். காளானுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை! மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இத்தகைய பெயர்களைக் கண்டால் சற்று அச்சந்தான். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பிழையையும் சேர்த்தன்றோ பெயர்க்க வேண்டும்?

கட்டி என்பது பிற்பட்ட நிலை. முதலில் சிவந்த படை, அடுத்துத் தடித்த திட்டு, அதன் பின்னரே கட்டி என்னும் வரிசையை 1870-இல் பாஸேன் என்ற பிரெஞ்சு வைத்தியர் விளக்கினார். முதல் நிலையில் அது கரப்பான் என்றே தோன்றும். களிம்பு பூசினால் தணியும், மீண்டும் வரும். உண்மை புலப்படுவதற்குள் பல ஆண்டுகள் கழிந்துவிடுவது இன்றும் உண்டு.

1938-இல் ஸெஸாரி என்பவர், உடல் முழுதும் சிவந்து நமைச்சலால் வருந்தியவரின் இரத்தத்தில் விகாரமான அணுக்களைக் கண்டார். அவை 'டி' அணுக்கள் என்னும் வெள்ளணுக்களே என்பது 1970-களில் தெளிவாயிற்று. 1975 முதல் இவ்வினத்து நோய்கள் தோலின் டி-அணு லிம்போமா, அதாவது நிணநீர் அணுப் புற்று, என்று வழங்கலாயின.

டி அணுக்கள் உடலின் காவலர். தோலில் கிருமி புகுந்தால், சைட்டோகைன் என்னும் புரதங்களைச் சுரந்து மற்ற அணுக்களுக்கு ஓலை விடுப்பார்கள். தோல் சிவப்பதும் வீங்குவதும் அதனால்தான். இந்நோயில் காவலருள் ஒருவனே கெட்டுப் பெருகுகிறான். ஆயினும் ஓலை விடும் வழக்கத்தை அவன் விடுவதில்லை. தொடக்கத்தில் நல்ல அணுக்கள் காமா இன்டர்ஃபெரானைச் சுரந்து அவனை அடக்கி வைக்கின்றன. நாளடைவில் இன்டர்லியூக்கின் 4, 13 ஆகியவற்றின் கை ஓங்குகிறது. எதிர்ப்பு தளர்கிறது, தோலின் அரண் நலிகிறது, ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி குடியேறுகிறது. அதன் நஞ்சு கெட்ட அணுக்களையே மேலும் தூண்டுகிறது. நமைச்சலுக்கு இன்டர்லியூக்கின் 31 ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். ஆகவே கரப்பான் போன்ற அந்தத் தோற்றம் வெறும் வேஷம் அன்று. உள்ளே நடப்பது மெய்யான அழற்சியே.

அண்மையில் இச்செய்தி புதியதொரு முக்கியத்துவம் பெற்றது. கரப்பானுக்கென 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டுபிலுமாப் என்னும் ஊசிமருந்து, 4, 13 என்ற அவ்விரு ஓலைகளையும் தடுப்பது. பலருக்கு அது பெரும் நிவாரணம். ஆனால் அதனைப் பெற்ற சிலரிடம் இந்த லிம்போமா வெளிப்பட்டதாக வைத்தியர்கள் எழுதியுள்ளனர். மருந்து அதனை வளர்த்ததா, அன்றி முதலிலிருந்தே கரப்பானாக எண்ணப்பட்டது இந்நோய்தானா என்பது விவாதத்தில் உள்ளது. முதிர்ந்த வயதில் புதிதாகத் தோன்றி, மருந்துக்கு அடங்காத கரப்பானாயின், தோலில் சிறு துணுக்கை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்த பின்னரே ஊசியைத் தொடங்குவது நலம் என்கிறார்கள். முதற் சோதனையில் ஒன்றும் தென்படாமல், இரண்டாவது மூன்றாவது முறையில் தெரியவருவதும் உண்டு.