வட்டத்துக்கு வெளியே விழுந்த சன்னங்கள்

துவக்கு என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் வீடுகளில் நினைவுக்கு வருவது வேறொரு கதை. அதை இங்கே எழுதப்போவதில்லை. நாங்கள் எழுத வந்தது, பறவை வேட்டைக்கென்றே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மெருகேற்றப்பட்ட சொட்கன் துவக்கைப் பற்றி. வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை எண்டு கேட்பீர்கள். எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்ற கேள்வியோடுதான் நாங்கள் வரலாறு படிக்கிறோம். இந்தத் துவக்கின் கதைக்குள்ளும் அதே கேள்விதான் இருக்கிறது.

ரைபிள் ஒரு தடவைக்கு ஒரு குண்டை அனுப்பும். சொட்கன் ஒரே தோட்டாவிலிருந்து நூற்றுக்கணக்கான ஈயச் சன்னங்களை வீசும். 1782 இல் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் வொட்ஸ், உருக்கிய ஈயத்தை உயரத்திலிருந்து சல்லடை வழியாகத் தண்ணீருக்குள் விழவைத்து, உருண்டையான சன்னம் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்காகத் தன் வீட்டையே கோபுரமாக உயர்த்திக் கட்டினார். பழைய துவக்குகளில் மருந்து பற்றும் வெளிச்சத்தைக் கண்டே பறவைகள் தப்பிவிடும். இதற்கு மாற்றுத் தேடிய ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், தட்டியவுடன் பற்றும் முறைக்கு 1807 இல் காப்புரிமை எடுத்தார். இரண்டு பேருக்கும் இருந்தது ஒரே கவலைதான்: பறவையில் எப்படிச் சரியாகப் படவைப்பது?

பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சியது. குழலை விட்டு வெளியேறிய சன்னங்கள் தூரம் போகப் போகச் சிதறிவிடும். அதற்குக் கண்ட வழிதான் 'சோக்', அதாவது குழலின் வாய்ப்பகுதியைக் கொஞ்சம் ஒடுக்குவது. 12 போர் துவக்கின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். அதில் ஒடுக்குவது கூடிப்போனால் 1 மில்லிமீற்றர் அளவுதான். அந்தச் சின்ன ஒடுக்கமே சன்னக் கூட்டத்தைச் சேர்த்துப் பிடித்து அனுப்பிவிடும். நியூகாசிலைச் சேர்ந்த வில்லியம் பேப் 1866 இலும், அமெரிக்கரான சில்வெஸ்டர் ரோப்பர் 1868 இலும் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். இலினோய் மாநிலத்து வாத்து வேட்டைக்காரர் ஃபிரெட் கிம்பிளும் தானே முதலில் கண்டுபிடித்ததாகச் சொன்னார். ஆனால் ஊரறியச் செய்தவர் பர்மிங்ஹாமின் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர். 1875 இல் 'தி ஃபீல்ட்' இதழ் இலண்டனில் நடத்திய போட்டியில் அவருடைய சோக் துவக்குகள் முன்னுக்கு வந்தன.

சோக்கை அளக்கும் முறை இன்றைக்கும் எளிமையானது. 40 யார் தூரத்தில் வைத்த தாளில் சுட்டு, 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை வீதம் விழுந்தது என்று எண்ணுவார்கள். ஒடுக்கமே இல்லாத குழலுக்குச் சுமார் 40 வீதம், 'இம்ப்ரூவ்ட் சிலிண்டர்' 50, 'மொடிஃபைட்' 60, 'ஃபுல்' 70.

புல்வெளியிலும் பற்றைக்காட்டிலும் பறவை தேடுகிறவரின் தெரிவும் இந்த வீதங்களில்தான் நிற்கிறது. காடை காலடியிலிருந்து திடீரென்று கிளம்பும், சுடுவது கிட்டத்தில். அங்கே வட்டம் விரிந்திருக்க வேண்டும். ஆகவே இம்ப்ரூவ்ட் சிலிண்டரும், 7½ அல்லது 8 ஆம் இலக்கப் பொடிச் சன்னமும். பெசன்ட் பெரிய பறவை, தூரத்திலும் எழும்பும். அதற்கு மொடிஃபைட் சோக்கும் 4 முதல் 6 ஆம் இலக்கச் சன்னமும். இலக்கம் கூடக்கூடச் சன்னம் சிறுக்கும், எண்ணிக்கை பெருகும். ஆனால் சின்னது சீக்கிரம் வேகம் இழக்கும். ஒன்றைப் பெற இன்னொன்றை விடவேண்டும்.

இப்ப ஒரு கணக்குப் பாருங்கோ. அமெரிக்க அளவில் ஒரு அவுன்ஸ் 6 ஆம் இலக்க ஈயத்தில் சுமார் 225 சன்னங்கள். ஃபுல் சோக்கில் 157 வரை வட்டத்துக்குள், 68 வெளியே. வட்டத்துக்குள் போனதிலும் பறவையின் உடலில் படுவது சிலதான். மிச்சம் 200க்கு மேல், ஒவ்வொரு வெடிக்கும், வயலிலும் புல்லிலும் விழுகின்றன. குறி தவறினால் 225 உம் மண்ணுக்குத்தான். அவற்றை யார் எண்ணினார்கள்?

பறவைகளுக்குப் பல் இல்லை. தின்ற விதையை அரைக்கச் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்கும். மண்ணில் கிடக்கும் ஈயச் சன்னமும் அதற்குக் கல்தான். இரைப்பையில் அரைபட்ட ஈயம் இரத்தத்தில் கலந்து நஞ்சாகும். 1876 இல் ஒரு குறிப்பு வெளியானது: சன்னம் விழுங்கிய பெசன்ட்கள் நஞ்சேறியது பற்றி. வெளியிட்டது அதே 'தி ஃபீல்ட்' இதழ்தான்! சோக்கின் வெற்றியை அறிவித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 1894 இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் பேர்ட் கிரினெல், வாத்துகள் ஈயத்தால் சாவதைப் பற்றி எழுதினார்.

அந்த நாட்டில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னம் முழுவதுமாகத் தடைசெய்யப்பட்டது 1991 இல். கிரினெல் எழுதி 97 வருடங்களுக்குப் பிறகு! நஞ்சேறிய வாத்து சுட்ட இடத்தில் சுருண்டு விழாது. நாள்கணக்கில் மெலிந்து, பற்றைக்குள் ஒதுங்கிச் சாகும். அல்லது இன்னொரு விலங்குக்கு இரையாகும். கண்ணில் படாத சாவு கணக்கில் வருவதில்லை. அந்த வாத்துகளைத் தின்ற வெண்தலைக் கழுகுகள், அந்த நாட்டின் சின்னமே, நஞ்சேறிச் செத்தபோதுதான் சட்டம் வேகமாக அசைந்தது. டென்மார்க் 1996 இல் எல்லா வேட்டைக்கும் ஈயச் சன்னத்தைத் தடைசெய்தது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் காடைக்கும் பெசன்டுக்கும் ஈயம் இன்னும் பரவலாகப் பாவனையில் இருக்கிறது.

ஈயத்தின் இடத்துக்கு உருக்கு வந்ததும் பழைய கணக்கெல்லாம் மாறியது. ஈயத்தின் அடர்த்தி 11.3, உருக்கினது 7.8 தான். ஆகவே ஓரிரண்டு இலக்கம் பெரிய சன்னம் வேண்டும். உருக்கு நசுங்காது, கூட்டமாகவே போகும். எனவே சோக்கைத் தளர்த்தவும் வேண்டும். இவ்வளவையும் வேட்டைக்காரர்கள் பழகிக்கொண்டார்கள். முடியாத காரியமாக அது எப்போதும் இருந்ததில்லை.

கிரீனரையோ பேப்பையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. அவர்கள் தங்களுக்கு முன்னிருந்த கேள்விக்கு அழகாகப் பதில் கண்டார்கள். ஆனால் 70 வீதத்தை அவ்வளவு கவனமாக எண்ணிய தாளில், மற்ற 30 வீதத்துக்கு ஒரு கோடுகூட இல்லை. எங்கள் பாடப்புத்தகங்களிலும் வட்டத்துக்குள் விழுந்ததைத்தான் அதிகம் படித்திருக்கிறோம். இனி ஒரு வெற்றிக் கணக்கு கண்ணில் பட்டால் மிச்சம் எங்கே விழுந்தது என்றும் தேடிப் பார்ப்போம். நீங்களும் தேடுங்கோ.