செம்பருத்தியில் வெள்ளை மாவும் மெக்சிகோக் குளவியும்

செம்பருத்திக் கொழுந்தில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாகப் படிகிறது, இலை சுருளுகிறது, மொட்டு உதிர்கிறது, என்ன மருந்து அடிக்கலாம் சார்? ஆரணியில் எங்கள் தெருவில் அடிக்கடி என்னிடம் கேட்கப்படும் கேள்வி இது. நான் வேளாண்மை படித்தவன் அல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, அரசு அலுவலகத்தில் கோப்பு கட்டி ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த வெள்ளை மாவுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது தெரிந்தால் மருந்துக் கடைக்குப் போகும் வேகம் கொஞ்சம் குறையும் என்பதால் எழுதுகிறேன்.

2008 ஜூலையில் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மரங்களில் புதிதாக ஒரு மாவுப்பூச்சி தென்பட்டது. நம் ஊரில் மாவுப்பூச்சி புதிதல்ல. கள்ளிப்பூச்சி என்றும் சொல்வார்கள். ஆனால் இது நாம் அறிந்த வகை அல்ல. காய், தண்டு, இலை என்று மரத்தையே சுண்ணாம்பு அடித்ததுபோல் மூடியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் திருப்பூர், ஈரோடு என்று மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. மரவள்ளி, கத்தரி, தேக்கு, காட்டாமணக்கு, வீட்டுச் செம்பருத்தி, எதையும் விடவில்லை. சாலையோரப் பார்த்தீனியத்தில்கூடத் தங்கிப் பிழைத்தது.

பட்டு ஊர்க்காரர்களான நமக்கு இதில் தனிக் கவலை இருந்தது. அந்தப் பட்டியலில் மல்பெரியும் உண்டு. நம் தறியில் ஏறும் பாவுக்கும் ஊடைக்கும் மூலம் மல்பெரி இலைதான் என்பது நெசவாளர் வீடுகளில்கூடச் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. நூல் கடையிலிருந்து வருகிறது, அவ்வளவுதான். மல்பெரி விவசாயியின் சங்கடம் என்னவென்றால், கத்தரிக்கு மருந்து அடிப்பதுபோல் அவர் அடிக்க முடியாது. பூச்சியைக் கொல்லும் விஷம் பட்டுப்புழுவையும் கொல்லும், அதுவும் பூச்சி இனம்தானே. அடித்தால் நஞ்சு தணியும்வரை காத்திருந்துதான் இலை பறிக்க வேண்டும். புழுவுக்கோ தினமும் இலை வேண்டும். அப்படியே அடித்தாலும் மாவுப்பூச்சியின் மேலுள்ள மெழுகு மருந்தை உள்ளே விடாது. சிலர் செடியை வேரோடு பிடுங்கி எரித்தார்கள்.

இந்தப் பூச்சியின் தாயகம் மெக்சிகோவும் அதைச் சுற்றிய மத்திய அமெரிக்காவும். அங்கே இது பெரிய தொல்லையே அல்ல. விஞ்ஞானிகள் இதற்குப் பெயர் வைத்ததே 1992ல்தான். அங்கே இதைத் தின்று வாழும் எதிரிகள் கூடவே இருந்தன. கப்பலிலோ விமானத்திலோ செடிகொடியோடு ஒட்டிக்கொண்டு ஊர் மாறியபோது பூச்சி வந்தது, எதிரி வரவில்லை. அதனால்தான் இந்த ஆட்டம்.

இதைப் படித்தபோது எனக்குப் பள்ளிக்கூட நாட்கள் நினைவுக்கு வந்தன. திராட்சைத் தோட்டத்தைக் கண்ணால் பார்த்திராத எங்களுக்கு, பிரான்சின் திராட்சைகள் அழிந்த கதை பாடமாக இருந்தது. 1860களில் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கொடிகள் காரணம் தெரியாமல் காயத் தொடங்கின. செத்த கொடிகளைத் தோண்டிப் பார்த்தார்கள், வேரில் ஒன்றும் இல்லை. 1868ல் மோம்பெலியே நகரப் பேராசிரியர் பிளான்ஷோனும் கூட்டாளிகளும், இன்னும் உயிரோடிருந்த கொடியின் வேரைத் தோண்டினார்கள். அங்கே மஞ்சள் நிறத்தில் பேன் போன்ற பூச்சி மொய்த்துக் கிடந்தது. கொடி செத்ததும் பூச்சி அடுத்த கொடிக்கு நகர்ந்துவிடும் என்பது அப்போதுதான் புரிந்தது. ஃபிலோக்ஸெரா என்ற அந்தப் பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்தது. தீர்வும் அங்கிருந்தே வந்தது. பூச்சியோடு வாழ்ந்து பழகிய அமெரிக்கக் கொடியின் வேர்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். இன்றும் அப்படித்தான்.

அந்தப் பூச்சி அமெரிக்காவில் உள்ளதேதான் என்று உறுதி செய்தவர்களில் ஒருவர், மிசூரி மாநிலத்தில் பணியாற்றிய சார்லஸ் ரைலி. இதே ரைலி பின்னால் அமெரிக்க அரசின் தலைமைப் பூச்சியியலாளராக இருந்தபோது, கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. 1888ல் ஆல்பர்ட் கோபலே என்பவரை ஆஸ்திரேலியாவுக்கே அனுப்பினார். அவர் அனுப்பிய சிறு பொறிவண்டு இரண்டே ஆண்டுகளில் தோட்டங்களைக் காப்பாற்றியது. 1920களின் இறுதியில் நம் நீலகிரிக்கும் அதே பூச்சி வந்தது, பின்னாலேயே அதே வண்டும் வரவழைக்கப்பட்டது.

பப்பாளி மாவுப்பூச்சிக்கும் இதே வழிதான். பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிகள் நிறுவனம், 2010 ஜூலையில் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. அவற்றில் நன்றாக வேலை செய்தது அசிரோபேகஸ் பப்பாயே. குளவி என்றதும் பயப்பட வேண்டாம், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே பொரிக்கும் புழு பூச்சியைத் தின்று வளர்ந்து, ஓட்டில் வட்டத் துளை போட்டு வெளியே வரும். பட்டுப்புழுவைத் தொடாது. தனிமையில் வைத்துச் சோதித்த பிறகு, அக்டோபரில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வழியாக வயல்களில் விடத் தொடங்கினார்கள். பிறகு குளவிகளைப் பெருக்கி மாவட்டந்தோறும் கொடுத்தார்கள். சில மாதங்களிலேயே பூச்சி அடங்க ஆரம்பித்தது. மல்பெரி மறுபடி துளிர்த்தது.

சரி, உங்கள் செம்பருத்திக்கு வருவோம். எல்லா வெள்ளை மாவும் பப்பாளி மாவுப்பூச்சி அல்ல, நம் செடிகளில் பல வகை உண்டு. சந்தேகம் இருந்தால் ஒன்றிரண்டைச் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் போட்டுப் பாருங்கள். பப்பாளி மாவுப்பூச்சி மஞ்சளாக இருந்து கருநீலமாகும். எந்த வகையானாலும் முதலில் எறும்பைத் தேடுங்கள். பூச்சி கசியும் தித்திப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டையும் குளவியையும் விரட்டும். எறும்பு ஏறும் வழியை அடைத்தால் பாதி வேலை முடிந்தது. மோசமான கிளைகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், தெருவில் வீசாதீர்கள். மற்றவற்றைக் குழாய்த் தண்ணீரால் வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். அதிலும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளியுங்கள். செடி முழுக்கக் காயும்வரை காத்திராமல், வாடத் தொடங்கும்போதே பார்ப்பது முக்கியம், பிளான்ஷோன் பார்த்ததுபோல.

மருந்துக் கடைக்குப் போகுமுன் கடைசியாக ஒன்று. பேரப்பிள்ளைகளின் பூதக்கண்ணாடியை வாங்கி அந்த வெள்ளைக்குள் பாருங்கள். உப்பிப் பழுப்பேறிக் காய்ந்த பூச்சிகளும், அவற்றில் ஊசி குத்தியதுபோல் வட்டத் துளைகளும் தெரிந்தால், குளவி உங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. அப்போது விஷம் அடிக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் பொறுத்திருங்கள்.